டிப்பருக்கு எந்த ஷாக் அப்சார்பர்?

ஒரகடம் சந்திப்பில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் இடத்தில், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். அவற்றில் ஒரு பத்துச் சக்கர வண்டி டீக்கடை ஓரம் நிற்கும்போது குனிந்து அடியில் பாருங்கள். முன் சக்கரங்களை ஒட்டி, சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக் அப்சார்பர்கள் இருக்கும். பின்னால் போனால், இரண்டு அச்சுகளுக்கு நடுவே கனத்த ஸ்பிரிங் பட்டைக்கட்டுதான் தெரியும். பல வண்டிகளில் அங்கே ஷாக் அப்சார்பரே இருக்காது. யாரும் கழற்றி விற்றுவிடவில்லை. ஆலையிலிருந்து வரும்போதே அப்படித்தான்.

7 டன் சுமக்கும் முன்னச்சுக்கு இரண்டு. 21 டன் சுமக்கும் பின் இரட்டை அச்சுக்கு ஒன்றுமில்லை. கணக்கு இடிக்கிறது அல்லவா? ஏன் இப்படி என்று புரிந்துவிட்டால், பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு எதை மாட்டுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அந்த இடியை முதலில் வாங்குவது டயர், அடுத்தது பட்டை. பட்டை வளைந்து அந்த ஆற்றலைத் தன்னுள் சேமித்துக்கொள்கிறது. சேமித்ததை அப்படியே வைத்திருக்க அதற்குத் தெரியாது. உடனே திருப்பிக் கொடுக்கும். வண்டி மேலே எழும், இறங்கும், மறுபடி எழும். இந்த ஆட்டத்தை அடக்க வேண்டுமானால் ஆற்றலை வண்டியிலிருந்து வெளியேற்றியாக வேண்டும். அதற்கு இருக்கும் வழி வெப்பம்தான். இயக்கத்தை வெப்பமாக்கிக் காற்றில் விட்டுவிடுவது. ஷாக் அப்சார்பரின் மொத்த வேலையும் இவ்வளவே. வண்டியின் எடையைத் தாங்குவதில் அதற்குப் பங்கு கிடையாது.

பின்னால் இருக்கும் பட்டைக்கட்டு இந்த வேலையையும் சேர்த்தே செய்துவிடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பத்துப் பன்னிரண்டு பட்டைகள் வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று உரசுகின்றன. மேலே இருபது டன் அழுத்தும்போது அந்த உரசல் சாதாரணமானதல்ல. ஆட்டத்தின் ஆற்றல் அங்கேயே வெப்பமாகிவிடுகிறது. ஆனால் உரசலுக்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு. வேகமாக அசைந்தாலும் மெதுவாக அசைந்தாலும் அது ஏறத்தாழ ஒரே அளவு விசையோடு தடுக்கும். சிறிய அதிர்வுகளுக்குப் பட்டைகள் நழுவவே நழுவாது. ஒட்டிக்கொண்டு ஒரே இரும்புக்கட்டையாகிவிடும். காலி டிப்பர் போகும்போது எழும் தடதடப்பில் ஒரு பங்கு இதனால்தான். கல்லுக்கு இது பரவாயில்லை. ஓட்டுநரின் முதுகெலும்புக்கு ஆகாது.

அதனால்தான் ஓட்டுநர் உட்காரும் முன்பக்கத்தில் ஏற்பாடு வேறு. புதிய வண்டிகள் பலவற்றில் முன்னால் பாரபோலிக் பட்டை. இரண்டோ மூன்றோ பட்டைகள்தான். நடுவில் தடித்து, ஓரம் போகப்போக மெலிந்து, இடையில் இடைவெளியோடு இருக்கும். நடுவிலும் முனையிலும் மட்டுமே தொட்டுக்கொள்வதால் உரசல் குறைவு, சவாரி மென்மை. ஆனால் ஆட்டத்தை அடக்க உரசல் இல்லையே! அந்த முழுப் பொறுப்பும் ஷாக் அப்சார்பரின் தலையில் விழுகிறது. பல பட்டை அடுக்கிய பழைய வண்டியில் ஷாக் செத்துப்போனாலும் பல மாதம் தெரியாது. பாரபோலிக் வண்டியில் ஒரே நாளில் தெரிந்துவிடும். ஆகவே உதிரிபாகக் கடையில் எந்த கம்பெனி என்று கேட்பதற்கு முன், உங்கள் வண்டியில் என்ன பட்டை இருக்கிறது, ஆலை போட்டதற்கு மேல் பட்டறையில் யாராவது கூடுதல் பட்டை ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தப் பகுதியில் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சஸ்பென்ஷன் பற்றி இவ்வளவு அறிவு குவிந்திருக்கும் இடங்கள் நாட்டில் அதிகமில்லை. ஒரகடத்தில் 400 ஏக்கரில் டெய்ம்லர் நிறுவனம் 2012 ஏப்ரலில் பாரத்பென்ஸ் லாரி ஆலையைத் திறந்தபோது, வளாகத்துக்குள்ளேயே சோதனைத் தடமும் அமைத்தது. மத்திய அரசின் நாட்ரிப் திட்டத்தில் எழுந்த வாகன ஆய்வு மையமும் இதே ஒரகடத்தில்தான். ரெனோ–நிசான் ஆலை 2010-இல் வந்தது. ராயல் என்ஃபீல்டுக்கும் இங்கே ஆலை உண்டு; 2016-இல் வெளிவந்த அதன் ஹிமாலயனின் முன் சக்கரம் 200 மி.மீ. ஏறி இறங்கும். கோமாட்சு சுரங்க டம்பர்களும் இங்கேதான் உருவாகின்றன. அவை தனிக்கதை, பிறகு வருகிறேன். இத்தனை இருந்தும், இதே சாலையில் உள்ள கடைகளில் ஷாக் வாங்க வருபவரிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஹார்டா வேணுமா, சாஃப்டா வேணுமா?” அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. எந்த எடைக்கு, எந்த ஸ்பிரிங்குக்கு என்று சொல்லாதவரை ஹார்டு, சாஃப்ட் இரண்டுக்கும் பொருளில்லை.

ஒரு சரக்குப் பிக்கப்பின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலியாக இருக்கும்போது பின் பட்டைகள் தாங்கும் எடை 600 கிலோ என்று வையுங்கள். 900 கிலோ ஏற்றினால் 1,500. பட்டைகள் ஒரு செ.மீ. அமுங்க இரு பக்கமும் சேர்த்து 120 கிலோ தேவை என்றால், சரக்கு ஏறியதும் வண்டி ஏழரை செ.மீ. இறங்கும். காலி வண்டியின் பின்பக்கம் தன்னியல்பில் வினாடிக்குச் சுமார் 2.2 முறை ஆடும், சரக்கோடு 1.4 முறை. எடை கூடக்கூட ஆட்டம் மெதுவாகும். ஆனால் அடக்குவது கடினமாகும்.

எவ்வளவு அடக்க வேண்டும் என்பதற்குப் பொறியாளர்கள் ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள். பூஜ்யம் என்றால் ஆட்டம் நிற்கவே நிற்காது. ஒன்று என்றால் வண்டி ஒரு தடவைகூட எல்லை தாண்டாமல் நேரே பழைய நிலைக்கு வந்து நின்றுவிடும். சாலை வண்டிகளுக்கு 0.2 முதல் 0.4 வரை போதும். அதற்கு மேல் போனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் ஷாக் வழியாகவே சேசிஸுக்கு ஏறும். மேலே சொன்ன பிக்கப்புக்கு, காலியாக 0.35 வரும்படி ஒரு ஷாக் ஜோடியை மாட்டினால், 900 கிலோ ஏற்றிய பிறகு அதே ஜோடியின் விகிதம் 0.22-க்கு இறங்கிவிடும். சரக்கோடு வண்டி மிதக்கிறது என்று புகார் வரும். சரி, சரக்கோடு 0.35 வேண்டும் என்று இறுக்கமான ஷாக்கை மாட்டினால், திரும்பி வரும்போது காலி வண்டியில் 0.55. இப்போது பின் சக்கரம் தரையைப் பிடிக்காமல் குதிக்கிறது என்பார்கள். ஷாக்கில் குறை ஏதுமில்லை. ஒரே ஷாக்கை இரண்டு வேறு வண்டிகளுக்கு மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

எனவே தேர்வுக்குத் தேவையான முதல் ஆவணம் எடை மேடைச் சீட்டு. மொத்த எடை போதாது; முன்னச்சைத் தனியாக, பின்னச்சைத் தனியாக ஏற்றி எடுத்தது வேண்டும். ஒரு நாளில் எத்தனை நேரம் சரக்கோடும் எத்தனை நேரம் காலியாகவும் ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டும். கல்குவாரி டிப்பர் போகும்போது முழுச் சுமை, வரும்போது காலி, பாதிக்குப் பாதி. முகாம் சாமான், கூரைமேல் கூடாரம், கூடுதல் டீசல் டேங்க் என்று மாட்டிக்கொண்டு மலையேறும் பிக்கப்போ எப்போதும் ஒரே சுமையில் இருக்கிறது. பின்னதற்கு ஷாக் தேர்ந்தெடுப்பது எளிது. அந்தச் சுமைக்கே பொருத்திவிடலாம். டிப்பரில் சமரசம்தான் செய்ய முடியும்.

சமரசத்திலும் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. மத்திய அரசு 2018 ஜூலையில் அச்சுச் சுமை வரம்புகளை உயர்த்தியது. முன்னச்சு 6 டன்னிலிருந்து 7 ஆனது, இரட்டை அச்சு 19-லிருந்து 21 ஆனது. சுமை ஆறில் ஒரு பங்கு கூடினால் ஷாக்கும் அதே அளவு திணறும் என்று நினைப்போம். அப்படியல்ல. மேலே சொன்ன அடக்கும் விகிதம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே குறைவது ஏழெட்டு சதவீதம்தான். ஆனால் ஷாக் விழுங்க வேண்டிய ஆற்றல் அப்படி வர்க்கமூலச் சலுகை எதுவும் தருவதில்லை.

வெப்பத்தின் கணக்கு கொடூரமானது. ஷாக் தண்டின் வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பிக்கப்பின் ஒரு ஷாக்கில் தண்டு வினாடிக்குக் கால் மீட்டர் என்ற அளவில் ஓடிக்கொண்டிருந்தால் 190 வாட் போல வெப்பம் உண்டாகும். அரை மீட்டர் என்றால் 750 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியை அந்தக் குழாய்க்குள் வைத்து ஓயாமல் ஓட்டுவதற்குச் சமம். எண்ணெய் சூடாகச் சூடாக இளகும். இளகிய எண்ணெய் வால்வு துளைகளில் தடையின்றி ஓடும். ஷாக் கடமைக்கு ஆடிக்கொண்டிருக்கும், அடக்காது. வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் மீண்டும் உயிர் வரும். காலையில் நன்றாக இருந்த வண்டி மதியம் மிதக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால் அவர் கற்பனை செய்யவில்லை.

தண்டு அவ்வளவு வேகமாக ஓடும் இடம் பெரிய பள்ளம் என்றுதான் தோன்றும். உண்மையில் மோசமானது, மண்சாலையில் குறுக்கே வரிவரியாக விழும் அலைகள். அலைக்கு அலை முக்கால் மீட்டர் இருந்து, நீங்கள் மணிக்கு 40 கி.மீ. போனால், வினாடிக்குச் சுமார் 15 இடி. கனமான அச்சும் சக்கரமும் டயரின்மேல் தாமாகவே துள்ளும் வேகமும் பத்து, பதினைந்து என்ற இதே அளவில்தான் இருக்கிறது. இரண்டும் பொருந்திவிட்டால் சக்கரம் தரையில் இருக்கும் நேரத்தைவிடக் காற்றில் இருக்கும் நேரம் கூடிவிடும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பாதி வேலைதான் செய்யும்.

இந்த அலைகள் ஏன் விழுகின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் கே. பி. மாத்தர் ஆராய்ந்து 1963-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதினார். 2007-இல் டாபர்லே, மோரிஸ், மெக்கெல்வெய்ன் மூவரும் சுழலும் மணல் மேசைமேல் சிறு சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். ஒரு வரம்பு வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே இருந்தது. தாண்டியதும் அலைகள் எழுந்தன. சக்கரத்துக்கு ஸ்பிரிங்கோ ஷாக்கோ இல்லாவிட்டாலும் எழுந்தன. நம் வண்டியின் சஸ்பென்ஷன் சரியில்லாததால்தான் சாலை கெடுகிறது என்று குவாரி மேஸ்திரி திட்டினால் இதைச் சொல்லிப் பாருங்கள். குற்றவாளி வேகம்தான்.

அலைச் சாலையில் இன்னொரு தொல்லை: நுரை. பிஸ்டன் வேகமாக ஓடும்போது அதன் பின்பக்கம் அழுத்தம் சரிகிறது. எண்ணெயில் கரைந்திருந்த வாயு குமிழாக வெளிவருகிறது. குமிழ் கலந்த எண்ணெயை அமுக்கினால் அமுங்கிக்கொடுக்கும், தடுக்காது. நைட்ரஜன் வருவது இங்கேதான். சந்தையில் “கேஸ் ஷாக்” என்று விற்பதில் இருக்கும் வாயு வண்டியைத் தூக்குவதற்காக இல்லை. எண்ணெயை எப்போதும் அழுத்தத்தில் வைத்துக் குமிழ் எழாமல் பார்த்துக்கொள்வதற்காக.

இங்கே இரண்டு குடும்பங்கள் பிரிகின்றன. இரட்டைக் குழாய் ஷாக்கில் பிஸ்டன் உள் குழாயில் ஓடும். வெளிக் குழாய் எண்ணெய்த் தொட்டி. அதன் மேற்பகுதியில் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். ஒற்றைக் குழாய் வகையில் ஒரே குழாய். அடியில் மிதக்கும் ஒரு பிஸ்டன் எண்ணெயையும் வாயுவையும் பிரித்து நிறுத்தும். வாயுவின் அழுத்தம் 20 முதல் 30 பார் வரை. பிரான்சின் கிறிஸ்டியன் புர்சியே த கார்போன் வகுத்த வழி இது. ஜெர்மனியின் பில்ஸ்டைன் உரிமை வாங்கி 1957-இல் மெர்சிடிஸ் கார்களுக்கு உற்பத்தியாகக் கொண்டுவந்தது. எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால் சூடு சீக்கிரம் வெளியேறும். ஒரே விட்டமுள்ள குழாயில் பெரிய பிஸ்டனும் வைக்கலாம்: 35 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 46 மி.மீ. என்றால் பரப்பு 1.7 மடங்கு. குறைந்த அழுத்தத்தில் அதே வேலை.

அப்படியானால் எல்லோருக்கும் ஒற்றைக் குழாய்தானே நல்லது? மண்சாலையில் வேகமாக நெடுந்தூரம் போகும் பிக்கப்புக்கு ஆம். கல்குவாரிக்கு என் தீர்ப்பு வேறு. ஒற்றைக் குழாயின் வெளிச்சுவரே பிஸ்டன் ஓடும் சுவர். டயர் தெறிக்கும் ஒரு கருங்கல் அதில் சின்னக் குழி போட்டால் போதும், பிஸ்டன் அங்கே சிக்கி ஷாக் முடிந்தது. இரட்டைக் குழாயில் அதே அடி தொட்டியின்மேல்தான் விழும். உள்ளே பிஸ்டன் பாட்டுக்கு ஓடும். விலையும் குறைவு. நுரைத் தொல்லைக்கு ஆஸ்திரேலிய மண்சாலைக்காரர்கள் ஒரு தீர்வு கண்டிருக்கிறார்கள்: வெளிக் குழாயில் வாயுவுக்குப் பதில் நுண்ணறைகள் கொண்ட ஃபோம் வைத்துவிடுவது. அயர்ன்மேன், டஃப் டாக் போன்றவை விற்பது அந்த வகை. கனத்த உடல், கூடுதல் எண்ணெய், முரட்டு வேலைக்குப் பொருத்தம்.

வால்வைப் பற்றி ஒன்று மட்டும். ஷாக் அமுங்கும்போது தடுப்பதைவிட நீளும்போது அதிகமாகத் தடுக்கும்படிதான் பெரும்பாலும் செய்வார்கள், இரண்டு மூன்று மடங்குகூட. அமுங்கும்போது கடுமையாகத் தடுத்தால் கல்லின் அடி நேரே மேலே ஏறும். நீளும்போது தடுத்தால்தான் பட்டையின் சேமிப்பு அடங்கும். ஆனால் நீட்சித் தடுப்பு அளவு மீறினால் அலைச் சாலையில் ஒரு விபரீதம் நடக்கும்: அடுத்த இடி வருவதற்குள் பட்டை முழுதாக விரியாது. ஒவ்வோர் அலைக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் ரப்பர் தடுப்பில் மோதிக்கொண்டு ஓடும். இதைப் பார்த்துவிட்டு ஷாக் சாஃப்ட் என்று முடிவுகட்டி இன்னும் ஹார்டாக வாங்குபவர்கள் உண்டு. மகிந்திரா 2022-இல் கொண்டுவந்த ஸ்கார்ப்பியோ-என் வண்டியில், அதிர்வு வேகமானதா மெதுவானதா என்று பார்த்துத் தானே தடுப்பை மாற்றிக்கொள்ளும் வால்வு இருக்கிறது. மின்னணு எதுவும் இல்லை. எண்ணெயின் ஓட்டமே முடிவு செய்கிறது. மாற்று ஷாக் சந்தைக்கு இது பரவலாக வந்தால் நல்லது.

கோமாட்சு டம்பரைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். சுமார் 90 டன் பாறையை ஏற்றும் அந்த வண்டிகளில் பட்டை, ஷாக் என்று பிரிவே கிடையாது. ஒரே சிலிண்டரில் நைட்ரஜனும் எண்ணெயும். நைட்ரஜன் ஸ்பிரிங், எண்ணெய் ஷாக். சுமை ஏற ஏற வாயு தானே இறுகும் என்பதால், பட்டை வண்டியில் காலிக்கும் சுமைக்கும் வரும் அந்தப் பெரிய இடைவெளி இதில் சுருங்குகிறது. பராமரிப்பு என்றால் வாயு அழுத்தத்தையும் எண்ணெய் அளவையும் பார்ப்பது. இவ்வளவு நேர்த்தியான ஒன்றை ஜல்லி லாரிக்கு ஏன் வைப்பதில்லை என்றால், விலைதான்.

வாங்கும்போது கடையில் கேட்க மறந்துபோகும் விஷயம் நீளம். ஷாக்கின் முழு அமுக்க நீளமும் முழு நீட்சி நீளமும் உங்கள் வண்டியின் எல்லைகளுக்குள் இருக்க வேண்டும். அச்சு மேலே முட்டும்போது ரப்பர் தடுப்புதான் முதலில் வாங்க வேண்டும். ஷாக் முதலில் முட்டினால் தண்டு வளையும் அல்லது மேல் பிராக்கெட் கிழியும். பட்டை ஏற்றி வண்டியை உயர்த்தியவர்கள் பழைய நீளத்து ஷாக்கையே மாட்டினால், பள்ளத்தில் அச்சு தொங்கும்போது ஷாக்கே அச்சைத் தூக்கிப் பிடிக்கும் சங்கிலியாகிவிடும். உயர்த்துவதற்கு முன் சட்டத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்: பதிவுச் சான்றில் உள்ள, ஆலை வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது.

சாய்வும் கணக்கில் வரும். நிமிர்ந்து நிற்கும் ஷாக்கை 30 பாகை சாய்த்து மாட்டினால் அதன் பலனில் முக்கால் பங்குதான் மிஞ்சும். 45 பாகை என்றால் பாதி. தண்டின் வேகமும் குறைகிறது, செங்குத்தாகக் கிடைக்கும் விசையும் குறைகிறது என்பதால் இரட்டை நஷ்டம். பட்டறையில் புது பிராக்கெட் வெல்டிங் செய்து இடம் மாற்றித் தருகிறோம் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லலாம்.

பழையது போய்விட்டதா என்று அறிய, காரின் மூலையை அழுத்திப் பார்ப்பதுபோல் லாரியில் செய்ய முடியாது. முன் டயர் சுற்றிலும் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கரடுமுரடான சாலையில் ஓடி வந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு ஷாக்குகளின் உடலையும் அளந்து பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. உடலில் லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. சொட்டினால் மாற்ற வேண்டும். மாற்றினால் ஒரே அச்சின் இரண்டையும், புஷ் ரப்பர்களோடு சேர்த்து மாற்றுங்கள். படுக்கவைத்து அடுக்கியிருந்த இரட்டைக் குழாய் ஷாக்கை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக நீட்டி அமுக்கிக் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். புதிய ஷாக் முதல் நாளே வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திரும்பி வருவதற்கு இதைச் செய்யாததும் ஒரு காரணம்.

குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே ஓடும் டிப்பருக்குத் தனித் தொட்டி வைத்த, விலை உயர்ந்த பந்தயவகை ஷாக் தேவையில்லை. ஆலை சொன்ன பாக எண்ணில், கனத்த இரட்டைக் குழாய் கேஸ் ஷாக் ஒரு ஜோடியை பில்லோடு வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஷேக்கிள் புஷ்களையும் தளர்ந்த யு போல்ட்டுகளையும் சரிசெய்து, டயர் காற்றை அளவாக வைத்து, அதற்குப் பிறகும் வண்டி ஆடினால் எடை மேடைச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.